சர்வகலாசாலையின் கணினிகளுக்கு யார் பொறுப்பு?

நெய்வேலிக்கு வரும் விருந்தினர் அனைவரும் சுரங்கத்தின் விளிம்பில் நின்று வியந்து பார்ப்பது, மண்ணை வாரிக் கொட்டும் அந்தப் பிரம்மாண்டமான சக்கர யந்திரத்தைத்தான். அதைப் படம் பிடித்துக்கொள்ளாமல் ஊர் திரும்புகிறவர் இல்லை. ஆனால் சுரங்கம் சுரங்கமாக நிற்பது அந்த யந்திரத்தினால் அன்று. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் அடங்கிக் கிடக்கிறது. ஆழ்குழாய்க் கிணறுகளின் வழியே அந்நீரை இரவு பகல் ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தாலன்றி, அது அடித்தளத்தைப் பிளந்துகொண்டு மேலே கிளம்பிச் சுரங்கத்தை ஏரியாக்கிவிடும். 1957-ஆம் வருஷம் மே மாதத்தில் வேலை தொடங்கியது; 1961 ஆகஸ்டில் நிலக்கரி முதன்முதலாகக் கண்ணுக்குத் தென்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பொறியாளர்களின் பெருங்கவலைகளுள் ஒன்று இந்த நீரே. பம்புகளைப் பார்ப்பதற்கென்று எந்த விருந்தினரும் போவதில்லை. ஆனாலும் பம்பு நின்றால் யாரைக் கேட்பது என்ற சந்தேகம் நெய்வேலியில் ஒருவருக்கும் கிடையாது.

அந்நீரை இறைப்பதனால் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களின் கிணறுகளுக்கு நேர்ந்த கதி தனி விஷயம். அது தனித் தலையங்கத்துக்கு உரியது. இன்று நாம் எடுத்துக்கொண்டது நம் சர்வகலாசாலைகளின் கணினி நிர்வாகம். அங்கேயும் சக்கர யந்திரத்தைக் காட்டுகிறவர்கள் பலர். பம்புக்குப் பொறுப்பானவர் எவர் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இதைச் சிறு விஷயமென்று எண்ணுகிறவர்கள், இன்று ஒரு சர்வகலாசாலையில் கணினி வழியாக நடவாத காரியம் எது என்று ஒரு நாழிகை எண்ணிப் பார்க்கட்டும். விண்ணப்பம், சேர்க்கை, கட்டணம், விடுதிக் கணக்கு, பரீட்சை எழுத அனுமதிச் சீட்டு, மதிப்பெண், பட்டம், புத்தகசாலை, ஆராய்ச்சிக் கட்டுரை, ஆசிரியர் சம்பளம், ஓய்வு பெற்றவரின் பென்ஷன் எல்லாம் அதற்குள் போய்விட்டன. கையெழுத்துப் பேரேடுகள் இருந்த காலத்தில் அவற்றைக் காக்க ரிஜிஸ்திரார் இருந்தார். அவருடைய அலமாரிக்குச் சாவி இருந்தது. சாவியை வைத்திருந்த குமாஸ்தாவுக்குப் பெயரும் இருந்தது. பேரேடு சர்வருக்குள் போன தினத்தில் சாவி எவர் கைக்குப் போயிற்று?

வழக்கமாக நடப்பது யாதெனில், கணினித் துறைப் பேராசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு, “இதையும் நீங்கள் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுவார்கள். அவருக்கு வகுப்பு உண்டு. ஆராய்ச்சி மாணவர்கள் உண்டு. மூன்று வருஷத்தில் பதவி சுழன்று வேறொருவர் வந்துவிடுவார். பரீட்சைப் பகுதி தனக்கென ஒரு கம்பெனியை அமர்த்திக்கொள்ளும். நிதிப் பகுதி வேறொரு கம்பெனியை அமர்த்தும். விடுதிக்கு மூன்றாவது கம்பெனி. ஒரே மாணவனின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். அன்றாட வேலையைச் செய்கிறவர்களோ தினக்கூலிக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் அமர்ந்த இளைஞர்கள். அவர்களில் கெட்டிக்காரன் ஒருவன் பெங்களூரில் நல்ல சம்பளம் கிடைத்துப் போய்விட்டால், கடவுச்சொற்களும் அவனோடு ரயிலேறிவிடும். ஒரு துறையில் மட்டும் நடப்பதன்று இது. சர்க்கார் அலுவலகங்களோடு பழகிய எவருக்கும் தெரிந்த கதைதான்.

நெய்வேலி மாணவனுக்கு இதில் உள்ள சம்பந்தத்தைச் சொல்லுகிறோம். கடலூர் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் முதலில் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்திருந்தன. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் சர்வகலாசாலை தோன்றியபின் அதனோடு இணைக்கப்பட்டன. 2021-இல் விழுப்புரத்தில் ஏற்பட்டிருந்த புதிய சர்வகலாசாலையைக் கலைத்துச் சட்டம் செய்தபோது, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களின் கல்லூரிகள் சிதம்பரத்து அண்ணாமலை சர்வகலாசாலையின் பொறுப்பில் வந்தன. ஆகவே நெய்வேலியில் ஒரே வீட்டில் தந்தையின் பட்டம் சென்னையிலும், மூத்த மகளின் பட்டம் வேலூரிலும், இளைய மகனின் பட்டம் சிதம்பரத்திலும் பதிவாகியிருக்கக்கூடும். மூவருடைய கல்லூரியும் ஒன்றே. மூவரும் நடந்த வீதியும் ஒன்றே.

அண்ணாமலை சர்வகலாசாலையின் நிலையையும் கருத வேண்டும். 1929-இல் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் ஸ்தாபித்த அந்தக் கலாசாலை, ஏறக்குறைய தொண்ணூறு வருஷங்கள் ஒரே வளாகத்தில் ஆசிரியரும் மாணவரும் தங்கிப் பயிலும் ஸ்தாபனமாக இருந்தது. வெளிக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. 1979 முதல் தபால் வழிக் கல்வி நடத்தி நாடெங்கும் மாணவர்களைச் சேர்த்தது. பணமுடை முற்றியபோது 2013-இல் ராஜ்ய சர்க்கார் தனிச் சட்டம் இயற்றி அதை ஏற்றுக்கொண்டது. உபரி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2021-இல் அதன் மருத்துவக் கல்லூரி சுகாதார இலாகாவுக்குப் போயிற்று. அதே வருஷத்தில் மூன்று மாவட்டக் கல்லூரிகள் உள்ளே வந்தன. இவ்வளவும் சட்டத்தில் ஒரு பக்கத்தில் எழுதி முடிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நட வேண்டிய லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன. கல்லூரியை மாற்றுவதற்குச் சட்டசபையில் கை தூக்கினால் போதும். மாணவனின் ஐந்து பருவத்து மதிப்பெண்களைப் பிழையின்றி மாற்றுவதற்கு எத்தனை பேர், எத்தனை மாதம், எவர் மேற்பார்வை என்று அச்சட்டத்தை விவாதித்தவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? குறை கூறுவதற்காக இக்கலாசாலையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு மாறுதல்களைப் பத்து வருஷத்தில் சுமந்த ஸ்தாபனம் வேறொன்று நம் ராஜ்யத்தில் அரிது. ஆதலின் பொறுப்புள்ள கணினி நிர்வாகம் இங்கே தேவைப்படுவதுபோல் வேறெங்கும் தேவைப்படாது.

பட்டம் என்பது என்ன? அது தடித்த காகிதம் அன்று. இன்ன பெயருடையவன் இன்ன வருஷத்தில் இன்ன பரீட்சையில் தேறினான் என்று, கேட்டவருக்கெல்லாம் கேட்ட நாளில் சர்வகலாசாலை உறுதி கூறுவதே பட்டம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போகும் நெய்வேலி இளைஞனிடம் காகிதத்தைப் பார்த்து எவரும் நம்புவதில்லை. கலாசாலைக்கு எழுதிக் கேட்கிறார்கள். அப்பதில் ஒரு மாதம் தாமதித்தால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும். டிஜிலாக்கர் இருக்கிறதே என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். தேசியக் களஞ்சியத்தில் பட்டங்களைச் சேமித்து வைக்கும் திட்டத்துக்கு 2016-இல் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. இன்று கையடக்கப் போனிலேயே பட்டத்தைக் காட்டலாம். ஆனால் களஞ்சியத்தில் சேர்வது கலாசாலை அனுப்பியதுதானே? பெயரில் எழுத்துப் பிழையோடு அனுப்பினால் பிழையோடுதான் பாதுகாக்கப்படும்.

வக்கீல் தொழிலில் இருபது வருஷம் உழன்றவன் என்ற முறையில், சட்டம் இவ்விஷயத்தில் நம்மைவிட முன்னே போயிருக்கிறது என்பதை எடுத்துக் காட்ட விரும்புகிறோம். கணினிப் பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க வேண்டுமானால் அதனுடன் ஒரு அத்தாட்சிப் பத்திரம் வைக்க வேண்டுமென்று 2000-ஆம் வருஷத்திலேயே பழைய சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்துள்ள புதிய பாரதீய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும் அதையே கேட்கிறது. அந்தக் கணினிக்கோ அது சம்பந்தமான அலுவலின் நிர்வாகத்துக்கோ பொறுப்பாக உள்ளவர் கையெழுத்திட வேண்டும், ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பொறுப்பாக உள்ளவர் யார்? சட்டம் கேட்கும் கேள்வியும் இத்தலையங்கத்தின் கேள்வியும் ஒன்றே. ஒரு மாணவன் தன் மதிப்பெண் திருத்தப்பட்டதென்று வழக்குத் தொடுத்தால், கலாசாலையின் சார்பில் கூண்டில் ஏறி, “இப்பதிவு என் பாதுகாப்பில் இருந்தது, இன்ன நாளில் இன்னார் இதைத் தொட்டார், வேறெவரும் தொடவில்லை” என்று சத்தியம் செய்து சொல்லக்கூடியவர் யார்? ஒப்பந்தக் கம்பெனியின் இருபத்தைந்து வயது இளைஞனா? துணைவேந்தரா? கணினித் துறைப் பேராசிரியரா?

இது வீண் கற்பனையன்று. அண்ணா சர்வகலாசாலையின் மறுமதிப்பீட்டில் முறைகேடு நடந்ததாக 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது நாடறிந்த செய்தி. குற்றம் செய்தவர் எவர் என்பது நீதிமன்றம் தீர்மானிக்கும் விஷயம்; அதில் நாம் தலையிடோம். ஆனால் மதிப்பெண்ணை மாற்றும் அதிகாரமும், மாற்றத்தைக் கண்காணிக்கும் அதிகாரமும் ஒரே இலாகாவின் கையில் இருத்தல் தகாது என்பது எவருக்கும் விளங்கும். கணக்கு எழுதுகிறவரே கணக்குத் தணிக்கை செய்வதை எந்த வர்த்தகனும் ஒப்புக்கொள்ளமாட்டான். மதிப்பெண் பதிவேட்டில் எந்த விரல் எந்த மணிக்கு எந்த எண்ணைத் தொட்டது என்ற தினக்குறிப்பு, பரீட்சைப் பகுதிக்கு வெளியே, அதனால் அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும். அவ்விடத்தை ஆள்வதற்கு ஓர் அதிகாரி வேண்டும்.

நம் சர்வகலாசாலைச் சட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் ரிஜிஸ்திராருக்கு இடம் உண்டு. பரீட்சைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு இடம் உண்டு. நிதி அதிகாரிக்கு உண்டு. கணினி நிர்வாகத்துக்கு அவர்களோடு சமமாக உட்காரும் அதிகாரி இல்லை. ஆதலால் சிண்டிகேட் கூடும்போது கணினி விஷயம் எப்போதும் ‘கொள்முதல்’ என்ற தலைப்பிலேயே வருகிறது. இத்தனை லட்சத்துக்கு இத்தனை யந்திரம் வாங்க அனுமதி, முடிந்தது. வாங்கியதை நடத்துவது எப்படி, நின்றால் எத்தனை மணிக்குள் எழுப்புவது, எவருடைய வேலை நின்றது என்ற பேச்சு அங்கே எழுவதில்லை.

நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் வைத்தியசாலையின் சர்வர்களைக் கள்ளர்கள் பூட்டிவிட்டார்கள். தேசத்தின் தலைசிறந்த மருத்துவக் கலாசாலையில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நோயாளிகளின் பெயரைக் கையால் எழுதிச் சேர்த்தார்கள். காரணம் கேட்டபோது, வலையமைப்பு தக்கபடி பகுக்கப்பட்டிருக்கவில்லை என்று மந்திரி பார்லிமெண்டில் பதில் சொன்னார். அதாவது, வீட்டுக்கு வாசற்கதவு மாத்திரம் இருந்து அறைகளுக்குக் கதவில்லாத நிலை. உள்ளே புகுந்தவன் சமையலறைக்கும் பூஜையறைக்கும் தடையின்றிப் போனான். அறைக்குக் கதவு வைப்பது லட்சக்கணக்கான ரூபாய் சமாசாரமன்று. கதவு வேண்டும் என்று எழுந்து சொல்லவும், சொன்னால் நடக்கவும் அதிகாரம் படைத்த ஒருவர் வேண்டும். அவ்வளவுதான்.

ஹாலந்து தேசத்து மாஸ்ட்ரிக்ட் சர்வகலாசாலையின் கதையைச் சற்று விரித்துச் சொல்லத் தகும். 2019 அக்டோபரில் அங்கே ஓர் ஊழியர் பொய்க் கடிதம் ஒன்றைத் திறந்தார். அதன் வழியே புகுந்த கள்ளர்கள் இரண்டு மாதம் ஓசையின்றி உள்ளே உலவினார்கள். டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊழியர்கள் வீடு போன சமயம் பார்த்து, 267 சர்வர்களைப் பூட்டினார்கள். மறுபிரதிகள் சிலவும் அதே வலையமைப்பில் இணைந்திருந்தமையால் அவையும் பூட்டப்பட்டன. ஜனவரியில் பரீட்சை. வேறு வழியின்றி 30 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் யூரோ, கப்பம் கட்டி மீண்டார்கள். கப்பம் கட்டியது சரியா என்று வாதிக்கலாம். நமக்கு அது உவப்பானதன்று. ஆனால் அதற்குப்பின் அவர்கள் செய்ததை நம் கலாசாலைகள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். 2020 பிப்ரவரியில் ஒரு சபை கூட்டி, நிபுணர்கள் எழுதிய அறிக்கையை முழுதும் வெளியிட்டு, எங்கே தவறினோம், எந்த எச்சரிக்கையைக் கவனியாது விட்டோம் என்று ஊரறியச் சொன்னார்கள். மற்ற கலாசாலைகள் அதைப் படித்துத் தங்கள் கதவுகளைச் சோதித்துக்கொண்டன. கப்பத்தில் ஒரு பகுதியைப் போலீசார் பின்னர் துருவிக் கண்டுபிடித்தார்கள். 2022-இல் அதன் மதிப்பு 5 லட்சம் யூரோவாகப் பெருகியிருந்தது. அதை ஏழை மாணவர்களின் உதவி நிதிக்கு ஒதுக்கினார்கள்!

நம் நாட்டில் இப்படி நேர்ந்தால் முதற்காரியமாக “ஒன்றும் நேரவில்லை” என்று அறிக்கை வரும். இரண்டாவது காரியமாக, தினக்கூலி ஊழியர் ஒருவர் வேலை நீக்கம் செய்யப்படுவார். சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய ஸ்தாபனமான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், தினக்குறிப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 முதல் உத்தரவு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்குச் சர்வர் பூட்டப்பட்டால், விடிகாலை எட்டு மணிக்குள் தெரிவிக்கப் போகிறவர் எவர்? பிறருடைய சொந்த விவரங்களைக் காவாது விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுக்கிறது. கலாசாலை கட்டும் அபராதம் மாணவன் கட்டிய பணமன்றோ?

கள்ளர்கள் வராமலேயே அழிவு வரலாம். ஜப்பானில் கியோட்டோ சர்வகலாசாலையில் 2021 டிசம்பரில், மறுபிரதி எடுக்கும் கட்டளை நிரலைக் கம்பெனிக்காரர்கள் மாற்றியபோது நேர்ந்த பிழையால், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆராய்ச்சிக் குழுக்களுக்கு நஷ்டம். நான்கு குழுக்களின் கோப்புகளுக்கு மறுபிரதியும் இல்லை. காப்பதற்கென்று ஏற்பட்ட நிரலே அழித்தது! கம்பெனி முழுப் பொறுப்பையும் ஏற்றுக் கடிதம் எழுதிற்று. கடிதத்தால் கோப்புகள் திரும்பவில்லை.

நம் மாவட்டத்தில் இயற்கையும் கள்ளனைப் போன்றதுதான். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிற்று. பலாவும் முந்திரியும் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் ஒடிந்தன. தென்னாட்டுக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் நெய்வேலிக்கு அண்டையிலுள்ள கிராமங்களே வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிந்தது. சிதம்பரமோ கொள்ளிடத்தின் கரையோரம் உள்ள தாழ்ந்த பூமி. இத்தகைய இடத்தில் மறுபிரதியும் மூலப்பிரதியும் ஒரே வளாகத்தில் இருப்பதை விவேகம் என்று சொல்ல முடியாது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள கலாசாலையோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அவர்கள் பிரதி நம்மிடமும் நம் பிரதி அவர்களிடமும் இருக்கச் செய்யலாம். இதற்குத் தேசிய அறிவு வலையமைப்பு இருக்கிறது. அதற்கும் முன்னே, 1986-இல் தொடங்கிய எர்நெட் முயற்சியில் சென்னை ஐ.ஐ.டி. முதற்கண் சேர்ந்த ஸ்தாபனங்களில் ஒன்று. கம்பி போட்டு நாற்பது வருஷம் ஆகப்போகிறது. கம்பியின் வழியே ஒருவருக்கொருவர் உதவும் பழக்கம்தான் இன்னும் வளரவில்லை.

நிற்க. “கலாசாலைக்கு எதற்கு இந்தத் தொல்லை? நல்ல கம்பெனியிடம் விட்டுவிட்டால் தீர்ந்தது” என்று ஒரு கட்சி உண்டு. கம்பெனிகளை நாம் வெறுக்கவில்லை. அந்நியச் சாமான் என்பதற்காகவே ஒதுக்கவும் சொல்லவில்லை. ஆனால் கூகிள் கம்பெனி கல்வி ஸ்தாபனங்களுக்கு வரம்பில்லாத சேமிப்பிடம் இலவசமாகக் கொடுத்தது. உலகத்துக் கலாசாலைகளெல்லாம் தங்கள் கோப்புகளை அதில் கொண்டுபோய்க் கொட்டின. 2021-இல் அக்கம்பெனி, இனி ஒரு ஸ்தாபனத்துக்கு 100 டெராபைட் மட்டும் என்று அறிவித்து, 2022 ஜூலையில் பழைய வாடிக்கைக்காரர்களுக்கும் அவ்வரம்பை விதித்தது. அதில் மோசம் ஒன்றுமில்லை, கொடுத்தவர் குறைத்தார். வாங்கிக்கொண்டவர்களிடம் எந்த ஷரத்தும் இல்லை என்பதே விஷயம். ஒப்பந்தம் எழுதும்போது, ஒப்பந்தம் முடியும் நாளில் நம் பதிவுகள் எந்த வடிவில் எத்தனை நாளில் திரும்பி வரும் என்ற ஷரத்தை முதலில் எழுத வேண்டும். கல்யாணத்தில் பிரிவைப் பேசலாகாது. வியாபாரத்தில் பிரிவைத்தான் முதலில் பேச வேண்டும். ஷரத்தைப் படித்து, இது போதாது என்று சொல்லத்தக்க பொறியாளர் கலாசாலைக்குள் இல்லாவிட்டால், எதிர்க்கட்சி வக்கீலே இரு தரப்புக்கும் பத்திரம் எழுதிய கதையாகும்.

நம்மவரால் ஆகாது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். கலாசாலைகள் தமக்காகச் செய்துகொண்ட கருவிகளே இன்று உலகத்தை நடத்துகின்றன. அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழிற்கலாசாலை 1983-இல் தன் மாணவர்களுக்காகத் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பரோஸ் என்னும் அடையாளச் சோதனை முறை இன்று பெரிய கம்பெனிகளின் கணினிகளில் எல்லாம் ஓடுகிறது. வகுப்பு நடத்தும் மூடில் ஆஸ்திரேலியாவில் கர்ட்டின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒருவரின் முயற்சி. கோஹா என்ற புத்தகசாலை மென்பொருள் நியூஸிலாந்தின் ஒரு சிறு கிராமாந்தரப் புத்தகசாலைக்காக எழுதப்பட்டது; எவரும் காசின்றி எடுத்தாளலாம். நம் தேசத்திலேயே டில்லி சர்வகலாசாலை ஆக்கிய சமர்த் என்ற நிர்வாக மென்பொருளைப் பல கலாசாலைகள் எடுத்தாள்கின்றன. பொறியியலும் கணினி விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கும் ஒரு கலாசாலை, தன் சொந்தப் பேரேட்டை நடத்தத் தனக்குத் திறமில்லை என்று சொன்னால், அது கொடுக்கும் பட்டத்தை எவர் மதிப்பார்? மேல்வகுப்பு மாணவர்களைத் தக்க மேற்பார்வையில், மதிப்பெண் பகுதி நீங்கலாக மற்ற வேலைகளில், உதவித்தொகையுடன் பழக்கலாம். சுரங்கத்தில் அப்ரெண்டிஸ் பழகுவது நெய்வேலிக்குப் புதிதன்று.

பணம் எங்கே என்பார்கள். சம்பளமே பாக்கி நிற்கும் கலாசாலைகள் உண்டு என்பதை அறிவோம். ஆனால் மூன்று இலாகாக்கள் மூன்று கம்பெனிகளுக்குக் கொடுக்கும் தொகையை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தவர் இருக்கிறார்களா? கூட்டும் அதிகாரம் எவருக்கும் இல்லாததனால்தான் கூட்டப்படவில்லை. பொறுப்பதிகாரி ஒருவரை அமர்த்தினால் அவருடைய முதல் மாத வேலை இதுவாகவே இருக்கட்டும். அவருக்கும் அவருடைய முக்கிய உதவியாளர்களுக்கும் நிரந்தரப் பதவியும் வெளிச் சந்தையை ஓரளவேனும் ஒத்த சம்பளமும் வேண்டும். அண்மை வருஷங்களில் நம் ராஜ்யத்தில் துணைவேந்தர் பதவிகள் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்து, கமிட்டிகள் நிர்வாகம் செய்ததைப் பார்த்தோம். மேலே ஆள் இல்லாத காலத்தில் கீழே பம்பு நிற்காமல் ஓட வேண்டுமானால், அதிகாரியின் பதவி எவருடைய தயவையும் பொறுத்திராமல் சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அவ்வதிகாரியின் திறத்தை எதைக் கொண்டு அளப்பது? வாங்கிய யந்திரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அன்று. நெய்வேலியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் பஸ் ஏறிச் சிதம்பரம் போகும் மாணவன் ஒரு சான்றிதழுக்காக எத்தனை முறை போய்த் திரும்புகிறான் என்பதே அளவு. அவனுக்கு ஒரு நாள் போனால் அவன் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. விண்ணப்பத்துக்கு எண் உண்டா? அவ்வெண்ணைச் சொன்னால் காகிதம் எந்த மேஜையில் இருக்கிறதென்று தெரிகிறதா? கேள்விக்குப் பதில் தமிழில் வருகிறதா? 1999-இலேயே நம் சர்க்கார் தமிழ் 99 விசைப்பலகையை அங்கீகரித்தது. ஆயினும் கலாசாலைகளின் இணையதளங்களில் தமிழ் முகப்பில் ஒரு வணக்கத்தோடு நின்றுவிடுவதும், கட்டணம் கட்டும் பக்கத்தில் பிழை நேர்ந்தால் ஆங்கிலத்தில் ஓர் எண் மட்டும் தோன்றுவதும் வாடிக்கை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண் என்ன செய்வாள்? பணம் போயிற்றா இல்லையா என்று கேட்கக் கல்லூரிகள்தோறும் ஒரு மேஜையும் ஒரு மனிதரும் இருக்க வேண்டும். அம்மனிதர் தலைமை அதிகாரிக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும்.

நம் பொதுஜன ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் உயர்ந்தால் ஊர்வலம் போகிறீர்கள், சரியே. விடைத்தாள் திருத்தத்தில் தாமதமென்றால் கொடி பிடிக்கிறீர்கள், அதுவும் சரியே. ஆனால் பரீட்சை முடிவு வெளிவரும் நாளில் இணையதளம் மூன்று மணி நேரம் படுத்துக்கிடந்தால் மட்டும், மழை பெய்ததைப்போல் எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறோம். அது மழையன்று, ஒருவருடைய வேலை செய்யப்படாததன் பலன். சட்டசபை அங்கத்தினர்கள் உயர்கல்வி மானியக் கோரிக்கையின்போது, ஒவ்வொரு சர்வகலாசாலையிலும் கணினிப் பதிவுகளுக்குப் பொறுப்பான உத்தியோகஸ்தரின் பதவிப் பெயர் என்ன, அவர் நிரந்தர ஊழியரா, மறுபிரதி எந்த ஊரில் இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் அதிலிருந்து மீட்டுப் பார்த்தார்கள் என்று கேட்கட்டும். மந்திரியின் பதில் அச்சில் வரும். செனெட்டுக்குத் தேர்தலில் நிற்கும் பட்டதாரிகள் வாக்காளர்களிடம் இதையே வாக்குறுதியாகக் கொடுக்கலாம்.

சட்டம் திருத்தும் வரை காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குகிறது. அதற்கு முன்னே, புரட்டாசியில் ஒரு நாள், சிண்டிகேட் அங்கத்தினர்கள் முன்னிலையில் மதிப்பெண் சர்வர் அழிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வெளியூர் மறுபிரதியிலிருந்து ஏதேனும் ஒரு வருஷத்துப் பதிவுகளை மீட்டுக் காட்டட்டும். எந்த வருஷம் என்பதை அன்று காலையில் சீட்டுப் போட்டு எடுக்கட்டும். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எத்தனை பதிவுகள் வந்தன, எத்தனை வரவில்லை என்பதை மறுநாள் பத்திரிகைகளுக்குக் கொடுக்கட்டும். அண்ணாமலை சர்வகலாசாலை முதலில் செய்தால் நம் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே அதைப் பிரசுரிப்போம்.